மாடு குறைந்த ஊருக்கு மந்தைவெளி எதற்கு?

கேள்வி: "சென்னை ஆதம்பாக்கத்தில் குடியிருக்கிறோம். சொந்த ஊர் திருவண்ணாமலை மாவட்டத்தில் ஒரு கிராமம். அங்கே ஏரிக்கரையை ஒட்டி இரண்டு ஏக்கருக்குக் கொஞ்சம் கூடுதலாக ஓர் இடம் இருக்கிறது. கணக்கில் 'மந்தைவெளி' என்று போட்டிருக்கிறார்கள். 'ஊரில் இப்போது மாடே பத்துப் பதினைந்துதான். மந்தை எதற்கு? ஆளுக்குக் கொஞ்சம் பிரித்துக்கொள்ளலாம்' என்று சிலர் பேசுகிறார்கள். மந்தைவெளி என்பது என்ன வகை நிலம்? சென்னையில் உள்ள மந்தைவெளிக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?"

- வாசகர் ஒருவர், ஆதம்பாக்கம்.

பதில்: சம்பந்தம் உண்டு. இரண்டும் ஒரே சொல், ஒரே வேலைக்கு ஒதுக்கிய நிலம். சென்னையில் நிலம் போய்ப் பெயர் மட்டும் மிஞ்சியது. வாசகரின் ஊரில் நிலமும் இருக்கிறது, பெயரும் இருக்கிறது. அதைப் பிரித்துக்கொள்ளும் முன்பு, அந்த இடம் எதற்காக விடப்பட்டது என்று ஊரார் தெரிந்துகொள்வது நல்லது.

மந்தை என்றால் கூட்டம். வெளி என்றால் திறந்த இடம். காலையில் வீட்டு மாடுகளை அவிழ்த்து ஓரிடத்தில் சேர்ப்பார்கள். மேய்ப்பவர் அங்கிருந்து ஓட்டிக்கொண்டு போவார். மாலையில் திரும்பும் மாடுகள் அங்கே நின்று, தண்ணீர் குடித்து, தத்தம் வீட்டுக்குப் பிரியும். அதற்காக நீர்நிலைக்குப் பக்கத்தில், நிழல் மரம் உள்ள மேட்டு நிலமாகப் பார்த்து விட்டுவைத்த இடம்தான் மந்தைவெளி. தென் மாவட்டங்களில் இதை 'மந்தை' என்றே சொல்கிறார்கள். மந்தையம்மன் கோயிலும் மந்தைச் சாவடியும் அங்கேதான் இருக்கும். ஊர்க்கூட்டமும் அங்கேதான் நடக்கும்.

சென்னையில் மயிலாப்பூருக்குத் தெற்கே இருக்கும் மந்தைவெளியும் இப்படிப்பட்ட மேய்ச்சல் வெளியாக இருந்த இடம்தான். இன்று அங்கே பறக்கும் ரயில் நிலையம் இருக்கிறது, அடுக்குமாடி வீடுகள் இருக்கின்றன. மாடு நிற்க இடமில்லை.

வண்டி நின்ற வழி

மந்தைவெளி ஊர் மாட்டுக்கு மட்டும் பயன்பட்ட இடமல்ல. வழிப்போக்கர் மாட்டுக்கும் அது வேண்டும். இதைப் புரிந்துகொள்ள ஆதம்பாக்கம் இருக்கும் இடத்தையே பார்க்கலாம்.

ஆதம்பாக்கம் பரங்கிமலை அடிவாரத்து ஊர். பக்கத்தில் ஏரி, சுற்றிலும் நன்செய் வயல் என்று இருந்தது. தெற்கேயிருந்து செங்கல்பட்டு, தாம்பரம், பல்லாவரம் வழியாகச் சென்னைக்கு வரும் பெருவழி இந்த மலையை ஒட்டியே போகிறது. இன்றைய ஜி.எஸ்.டி. சாலை அதுதான். வண்டிகள் நகரத்துக்குள் நுழைய அடையாற்றைத் தாண்ட வேண்டும். ஆர்மீனிய வணிகர் கோஜா பெட்ரஸ் உஸ்கான், சைதாப்பேட்டையில் ஆற்றின் மேல் 1726-ல் தம் சொந்தச் செலவில் கல் பாலம் கட்டினார். பரங்கிமலைக்குப் படி கட்டியவரும் அவரே. பழைய பாலம் இருந்த இடத்தில் 1966-ல் வந்ததுதான் இன்றைய மறைமலை அடிகள் பாலம்.

மாட்டு வண்டி பாரம் ஏற்றிக்கொண்டு மணிக்குச் சுமார் 3 கிலோமீட்டர் போகும். ஒரு நாளைக்கு 20, 25 கிலோமீட்டர் போனால் அதிகம். செங்கல்பட்டிலிருந்து கோட்டைக்குச் சுமார் 55 கிலோமீட்டர். அதாவது இரண்டு, மூன்று நாள் பாதை. நடுவில் மாட்டை அவிழ்த்துவிட்டே ஆக வேண்டும்.

இது மாட்டின் வயிறு சொல்லும் கணக்கு. மாடு மேய்ந்தால் மட்டும் போதாது. ஒரு நாளில் 6 முதல் 8 மணி நேரம் அசை போட வேண்டும். நுகத்தடியில் பூட்டிய மாடு நிம்மதியாக அசை போடாது. நாளைக்கு 30 முதல் 50 லிட்டர் தண்ணீரும் வேண்டும். ஆகவே புல், தண்ணீர், நிழல் மூன்றும் சேர்ந்து கிடைக்கும் இடத்தில்தான் வண்டி நிற்கும். வண்டி நின்ற இடத்தில் லாடம் அடிப்பவர் வந்தார், தச்சர் வந்தார், வைக்கோல் விற்பவர் வந்தார். கொஞ்ச நாளில் அது வண்டிப்பேட்டை ஆனது, சந்தை ஆனது. பல்லாவரத்தில் பழைய டிரங்க் சாலையில் வெள்ளிக்கிழமைதோறும் கூடும் சந்தை இன்றும் நடக்கிறது.

மனிதர் தங்கச் சத்திரம் வேண்டும் என்று எண்ணிய அரசர்கள் பலர். மதுரையை 1689 முதல் 1706 வரை ஆண்ட ராணி மங்கம்மாள் சாலைகளும் சத்திரங்களும் அமைத்ததற்குப் பேர் போனவர். தஞ்சையை ஆண்ட சரபோஜி மன்னர் ஓரத்தநாட்டில் முத்தாம்பாள் பெயரில் கட்டிய சத்திரம் இன்றும் நிற்கிறது. சத்திரத்தைக் கட்ட அரசர் வேண்டியிருந்தது. மாடு தங்கும் வெளியை ஊரே விட்டுக்கொடுத்தது.

ஊருக்கு அதில் நஷ்டமில்லை. நின்ற மாடு சாணம் போட்டுவிட்டுத்தான் போகும். அது எருக்குழிக்குப் போகும், அங்கிருந்து வயலுக்குப் போகும்.

உலகத்தில் எங்கும் இதே கதைதான். 1840-களில் அமெரிக்காவின் கிழக்கிலிருந்து மேற்கே ஆரகன் பகுதிக்குக் குடியேறியவர்கள் சுமார் 3,200 கிலோமீட்டர் வண்டிப் பாதையில் போனார்கள். பெரும்பாலும் வண்டி இழுத்தவை காளைகள். வசந்தத்தில் புல் முளைத்த பிறகுதான் கிளம்புவார்கள். புல்வெளியும் ஓடையும் உள்ள இடங்களில்தான் தங்குவார்கள். முன்னால் போன வண்டிகளின் மாடுகள் புல்லை மேய்ந்து தீர்த்துவிட, பின்னால் வந்தவர்கள் மாட்டைப் பாதையிலிருந்து தூரமாக ஓட்டிப்போய் மேய்க்க வேண்டியிருந்தது. பொது வெளியை எல்லோரும் பயன்படுத்தி, யாரும் பராமரிக்காவிட்டால் இதுதான் நடக்கும்.

ரயில் வந்தது, வெளி சும்மா கிடந்தது

1870-களில் சென்னையிலிருந்து தெற்கே ரயில் பாதை போடப்பட்டது. மூன்று நாள் வண்டிப் பாதை சில மணி நேரப் பயணமாகச் சுருங்கியது. 1931-ல் சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. பரங்கிமலை அதில் ஒரு நிலையம். பிறகு லாரி வந்தது. வண்டி நிற்கும் தேவை குறையக் குறைய, வெளிகள் சும்மா கிடக்கும் நிலமாகக் கண்ணில் பட்டன.

'சும்மா கிடக்கிறது' என்று பேர் எடுத்த நிலம் நகரத்தில் நிலைக்காது. 1920-களில் மாம்பலத்துப் பெரிய ஏரியைத் தூர்த்துத்தான் தியாகராய நகர் உருவானது. ஆதம்பாக்கத்திலும் வயல்கள் மனைகளாயின, ஏரி சுருங்கியது. ஆலந்தூர் நகராட்சியில் இருந்த ஊர் 2011-ல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. அதற்கு முன்பே உழவு அங்கிருந்து போய்விட்டது.

சும்மா கிடந்ததாகச் சொன்ன நிலம் செய்துவந்த வேலை, அது போன பிறகுதான் தெரியும். மழைநீர் ஏரிக்கு வழிந்து போகும் திறந்த தரை அது. கட்டடம் வந்ததும் தண்ணீர் தெருவில் நிற்கிறது. தென்சென்னை மக்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

வழி இன்னும் ஓயவில்லை

"அது வண்டிக் காலத்துக் கதை" என்று ஒதுக்கிவிட முடியாது. தங்கித் தங்கிப் போகும் கால்நடை வழி தமிழ்நாட்டில் இன்றும் இருக்கிறது. ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்துக் கீதாரிகள் ஆட்டு மந்தையோடு நடந்தே காவிரிப் படுகைக்குப் போகிறார்கள். தை, மாசியில் சம்பா அறுவடை முடிந்ததும் வயல்களில் கிடை போடுவார்கள். அடுத்த சாகுபடிக்குத் தண்ணீர் வரும்வரை வயல் மாற்றி வயல் கிடை அமர்த்துவார்கள். ஆட்டுக்குத் தாள் கிடைக்கும், கீதாரிக்குக் கூலி கிடைக்கும், நிலத்துக்கு எரு கிடைக்கும்.

அந்த எருவின் மதிப்பு சாதாரணமானதல்ல. சாதாரணத் தொழுவுரத்தில் தழைச்சத்து நூற்றுக்கு அரைப் பங்கு. ஆட்டு எருவில் சராசரியாக 3 பங்கு தழைச்சத்து, 1 பங்கு மணிச்சத்து, 2 பங்கு சாம்பல்சத்து உண்டு. கிடை போட்டால் புழுக்கையோடு சிறுநீரும் மண்ணிலேயே இறங்கிவிடும். வண்டி வைத்து எரு அடிக்கும் செலவும் மிச்சம்.

ஆனால் வயலுக்கும் வயலுக்கும் இடையே மந்தை இளைப்பாற இடம் வேண்டும். வழியில் உள்ள மந்தைவெளியும் மேய்க்காலும் குளக்கரையும் அடைபட்டுப் போனால், ஆடுகள் தார்ச்சாலையிலேயே போக வேண்டும். லாரிக்கும் பேருந்துக்கும் நடுவே மந்தையை ஓட்டுவது எவ்வளவு ஆபத்து என்பது அந்தச் சாலையில் போனவர்களுக்குத் தெரியும். ஒரு ஊர் தன் மந்தையை அடைத்தால், அதனால் கஷ்டப்படுவது அந்த ஊர் மட்டுமல்ல.

2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் சுமார் 95 லட்சம் மாடுகள், 45 லட்சம் செம்மறி ஆடுகள், கிட்டத்தட்ட 99 லட்சம் வெள்ளாடுகள் உள்ளன. நிரந்தர மேய்ச்சல் நிலமோ சுமார் 1.1 லட்சம் ஹெக்டேர்தான். மாநிலப் பரப்பில் அது நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை.

வழியைக் காப்பாற்றிக்கொண்ட நாடும் இருக்கிறது. ஸ்பெயினில் மெஸ்டா என்ற மேய்ப்பர் சங்கத்துக்கு 1273-ல் அரசர் அங்கீகாரம் கொடுத்தார். பெரிய ஆட்டுப் பாதைகள் சுமார் 75 மீட்டர் அகலம். 1995-ல் அந்த நாடு ஒரு சட்டம் போட்டது. இந்தப் பாதைகளும் தங்குமிடங்களும் பொதுச் சொத்து, விற்க முடியாது, ஆண்டு அனுபவத்தைக் காட்டி உரிமை கோரவும் முடியாது என்பது அதன் சாரம். 1994 முதல் அக்டோபர் மாதத்தில் மேய்ப்பர்கள் தலைநகர் மாட்ரிட் நடுத்தெரு வழியாகவே ஆடுகளை ஓட்டிப்போகிறார்கள். 1418-ல் செய்த ஒப்பந்தப்படி ஆயிரம் ஆட்டுக்கு 50 பழைய காசுகளை நகர நிர்வாகத்திடம் கட்டுகிறார்கள். காசு அடையாளத்துக்குத்தான். வழி எங்களுடையது என்று ஆண்டுதோறும் சொல்லிக்காட்டுகிறார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

வாசகரின் முக்கியக் கேள்வி இது. மந்தைவெளி ஒரு வகைப் புறம்போக்கு. புறம்போக்கு என்றால் யாருக்கும் வேண்டாத நிலம் என்று பொருளல்ல. தீர்வை விதிக்காமல் பொதுப் பயன்பாட்டுக்கு என்று ஒதுக்கிய நிலம். நத்தம், களம், மேய்க்கால், வண்டிப்பாட்டை, சுடுகாடு, தோப்பு என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வேலை உண்டு.

தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994-ன் 134-ஆம் பிரிவின்படி மேய்ச்சல் நிலம், களம், இடுகாடு, சுடுகாடு, மந்தை, வண்டி நிற்கும் இடம், தோப்பு ஆகிய புறம்போக்குகளின் நிர்வாகம் கிராம ஊராட்சியைச் சேரும். நிலம் அரசுடையது. பயன்பாட்டை ஒழுங்கு செய்யும் அதிகாரம் ஊராட்சிக்கு. இப்படிப்பட்ட நிலத்தை ஊராட்சியின் பொறுப்பிலிருந்து விலக்க வேண்டுமானால், ஊராட்சியைக் கலந்துகொண்டு மாவட்ட ஆட்சியர் அறிவிக்கை வெளியிட வேண்டும். ஊரார் நாலு பேர் உட்கார்ந்து கயிறு பிடித்துப் பிரித்துக்கொள்ள யாருக்கும் உரிமை இல்லை. அப்படிப் பிரித்தால் அது ஆக்கிரமிப்பு. 1905-ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி அறிவிப்பு கொடுத்து வெளியேற்றலாம். வெளியேற்றும்போது போட்ட பயிரும் கட்டிய கட்டடமும் நஷ்டமாகும்.

உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றும் உண்டு. பஞ்சாப் மாநிலம் பட்டியாலா மாவட்டத்தில் ரோஹர் ஜாகிர் என்ற ஊரில் பொதுக் குளத்தைத் தூர்த்து வீடு கட்டினார்கள். பணம் வாங்கிக்கொண்டு அதை முறைப்படுத்தலாம் என்று மாநில அரசு சொன்னது. ஜக்பால் சிங் வழக்கு எனப்படும் அதில் 2011 ஜனவரி 28-ல் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது. கிராமப் பொது நில ஆக்கிரமிப்புகளை அகற்றி ஊருக்கே திருப்பிக் கொடுக்கத் திட்டம் வகுக்குமாறு எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. நீண்ட காலமாக அனுபவிப்பதும், நிறையச் செலவு செய்து கட்டியதும் காரணமாகாது என்றும் சொன்னது.

அதே தீர்ப்பில் ஒரு விலக்கும் இருக்கிறது. நிலமற்ற கூலித் தொழிலாளர்களுக்கும் ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கும் அரசு உத்தரவுப்படி கொடுத்த இடங்கள், ஏற்கெனவே பள்ளி, மருத்துவமனை போன்ற பொதுக் கட்டடம் உள்ள இடங்கள் ஆகியவற்றை விதிவிலக்காகக் கருதலாம் என்றது. இதை ஊரார் மறக்கக் கூடாது. மந்தை பேச்சு வந்தாலே ஓரத்தில் குடிசை போட்ட ஏழையின் மேல் பாய்வது பல ஊர்களில் வழக்கம். பொதுவாக இருக்கும்வரை நிலமில்லாதவரின் வெள்ளாட்டுக்கும் அங்கே புல் உண்டு. 'ஆளுக்குக் கொஞ்சம்' என்று பிரித்தால், ஏற்கெனவே நிலம் உள்ளவர் கைக்குத்தான் அது பெரும்பாலும் போகும்.

முதலில் பார்க்க வேண்டிய காகிதங்கள்

1. 'அ' பதிவேடு: புல எண், பரப்பு, 'மந்தைவெளி' என்ற வகைப்பாடு மூன்றும் இதில் இருக்கும். கிராம நிர்வாக அலுவலரிடம் பார்க்கலாம். தமிழ்நாடு அரசின் இணையவழி நிலச் சேவைத் தளத்தில் புல எண் கொடுத்தும் பார்க்கலாம்.

2. புல வரைபடம்: நான்கு எல்லையும் அளவும் தெரியும். எல்லைக் கல் இருக்கிறதா என்று நேரில் சரிபார்க்க வேண்டும். காணாமல் போயிருந்தால் வட்டாட்சியர் அலுவலகத்தில் மனு கொடுத்து அளக்கச் சொல்ல ஊராட்சிக்கு வழி உண்டு.

3. பழைய செட்டில்மெண்ட் பதிவேடு: 1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில், அதாவது யு.டி.ஆர். அளவையில், சில இடங்களில் வகைப்பாடு மாறிப் பதிவானது உண்டு. புதிய பதிவேட்டில் மந்தைவெளி இல்லை என்றால், பழையதில் இருந்ததா என்று ஒப்பிட்டுப் பார்ப்பது அவசியம்.

4. நகல் தரத் தயங்கினால், தகவல் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டணத்தோடு விண்ணப்பிக்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும்.

மாடு குறைவு, வெளியை என்ன செய்வது?

பத்துப் பதினைந்து மாடுதான் என்றாலும் இரண்டு ஏக்கருக்கு வேலை இருக்கிறது. கோமாரித் தடுப்பூசி முகாம் நடத்த, நெல் காயவைக்க, கொள்முதல் நிலையம் வைக்க, வரும் கிடை ஆடு ஓர் இரவு தங்க இடம் வேண்டும். களம் இல்லாத ஊர்களில் நெல்லைத் தார்ச்சாலையில் கொட்டிக் காயவைப்பதை எல்லோரும் பார்க்கிறோம்.

சீமைக்கருவேலம் மண்டியிருந்தால் முதலில் வேரோடு எடுக்க வேண்டும். ஓரங்களில் வேம்பு, புங்கன், வாகை வைக்கலாம். பாதி இடத்தில் புரட்டாசி மழைக்கு முன் நீலக் கொழுக்கட்டைப்புல்லும் முயல்மசாலும் கலந்து விதைக்கலாம். இரண்டும் மானாவாரியில் வரும். முயல்மசால் விதையின் தோல் கெட்டியானது. 80 டிகிரி வெந்நீரில் 4 நிமிடம் போட்டெடுத்து, இரவு முழுவதும் குளிர்ந்த நீரில் ஊறவைத்து விதைத்தால் நன்றாக முளைக்கும். விதைத்த பாதியை முதல் மழைக்காலம் முழுவதும் மாடு நுழையாமல் அடைத்துவைக்க வேண்டும். பிறகு பாதி பாதியாக மாற்றி மேயவிட்டால் புல் தீராது. ஒரு தண்ணீர்த் தொட்டி கட்டிவிட்டால் மந்தை தானாக உயிர் பெறும்.

இதையெல்லாம் தீர்மானமாக்கும் இடம் கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் அது கூடுகிறது. புல எண்ணையும் பரப்பையும் குறிப்பிட்டு, 'இந்த மந்தைவெளி பொதுப் பயன்பாட்டிலேயே நீடிக்க வேண்டும், எல்லை அளந்து கல் நட வேண்டும்' என்று தீர்மானம் எழுதச் சொல்லி, எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்ல வேண்டும். ஊரின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள யாரும் அதில் பேசலாம். வாசகருடைய பெயர் சென்னைப் பட்டியலுக்கு மாறியிருந்தால், ஊரில் உள்ள உறவினரிடம் 'அ' பதிவேட்டின் நகலைக் கொடுத்து அனுப்பலாம். கையில் நகல் இருந்தால் பேச்சு எடுபடும்.